ஸ்டீரியோ: இரண்டு பெட்டியா, கெட்டியான ஒலியா?

களியக்காவிளைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஒரே பொருளுக்குப் பெயர் மாறிவிடும். இந்தப் பக்கம் ஒலிபெருக்கி, அந்தப் பக்கம் உச்சபாஷிணி. இங்கே வானொலி, அங்கே ஆகாசவாணி. கோயில் கொடைக்குப் பனைமரத்தில் கட்டுகிற புனல் ஸ்பீக்கருக்கு அங்கே கோளாம்பி என்று பெயர். வெற்றிலை துப்பும் பாத்திரமும் கோளாம்பிதான், வேலியோரம் பூக்கிற மஞ்சள் பூவும் கோளாம்பிதான். மூன்றையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுகிற சொல் ஒன்று உண்டு: ஸ்டீரியோ. எங்கேயும் மாறாததால்தானோ என்னவோ, அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அது ஒரு சாதனத்தின் பெயர். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த செட்டுக்கு ஸ்டீரியோ என்றே பெயர். ஒரு கேசட் பிளேயர், இரண்டு மரப்பெட்டிகள். அலமாரியில் இடமில்லாததால் ஒரு பெட்டியின் தலைமேல் இன்னொன்றை ஏற்றி வைத்தோம். பல வருடம் அப்படியே பாட்டு கேட்டோம். இரண்டு பெட்டி இருக்கிறதல்லவா, ஆகவே ஸ்டீரியோ. இதுதான் எங்கள் கணக்கு.

சொல்லின் கணக்கு வேறு. 'ஸ்டீரியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திண்மையானது, கெட்டியானது என்று பொருள். இரண்டு என்ற எண்ணம் அதில் எங்குமே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சுக்காரர்கள், உதிரி எழுத்துகளைக் கோத்து அடிப்பதற்குப் பதில், பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்த்தார்கள். கெட்டியான அந்தத் தகடுதான் ஸ்டீரியோடைப். மாமியார் என்றால் கொடுமைக்காரி என்று எல்லாக் கதையிலும் ஒரே அச்சில் வார்ப்பதை இன்று அப்படிச் சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்தது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியைக் காட்டினார். சிறிதே வேறுபட்ட இரண்டு தட்டைப் படங்களை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்துப் பருமனுள்ள ஒரே பொருளாகப் பார்க்கிறது. படம் இரண்டு என்பது அங்கே வெறும் வழி. கெட்டியாகத் தெரிவதுதான் ஸ்டீரியோ.

ஒலிக்கும் இதே கதைதான். இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் மனைவியோடு திரைப்படம் பார்க்கப் போனாராம். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்கிறார், குரலோ வேறு எங்கிருந்தோ வருகிறது. இதைச் சரிசெய்ய வழி உண்டு என்று அப்போதே சொன்னதாகச் சொல்வார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு ஒலித்தடங்களைப் பதிக்கும் வித்தையும் அதில் இருந்தது. அவர் ஸ்டீரியோ என்று சொல்லவில்லை, 'இருசெவி' என்னும் பொருளுள்ள சொல்லைத்தான் பயன்படுத்தினார். அந்த முறையில் இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958இல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1942இல் விமான விபத்தில் இறந்துபோனார்.

செவி இரண்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. வலப்பக்கம் யாராவது கூப்பிட்டால் வலக்காதுக்கு முதலில் கேட்கும், இடக்காதுக்கு ஒரு மில்லி நொடிக்கும் குறைவான தாமதத்தில் கேட்கும். அந்தச் சிறு வேறுபாட்டையும், ஒரு காதுக்குச் சத்தம் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் கேட்பதையும் வைத்து மூளை திசை சொல்லிவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரல் ஒரே அளவில் வந்தால், பாடகி நடுவில் நிற்பதாக மூளை முடிவு செய்யும். நடுவில் ஒன்றுமே இருக்காது, வெறும் சுவர்தான். இல்லாத இடத்தில் கெட்டியாக ஒரு ஆள் நிற்பதுபோல் கேட்கவைப்பதற்கே ஸ்டீரியோ என்று பெயர்.

இனி தமிழ். 'இருதட ஒலி' என்று எழுதுகிறோம். தொழில்நுட்பக் குறிப்புக்கு அது போதும். ஆனால் ஒரே ஒலியை இரண்டு தடத்தில் விட்டாலும் இருதடம்தான், அது ஸ்டீரியோ ஆகாது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசையை வாஷிங்டன் அரங்குக்குக் கம்பி வழியே அனுப்பியபோது மூன்று தடங்களைப் பயன்படுத்தினார்கள். அதுவும் ஸ்டீரியோதான். ஆகவே எண்ணைப் பெயரில் வைப்பது வம்பு. 'முப்பரிமாண ஒலி' என்பது கொஞ்சம் பீற்றல். முன்னால் இருக்கும் இரண்டு பெட்டி இடவலம் காட்டும், ஓரளவு ஆழமும் காட்டும், மேல் கீழ் காட்டாது. 'இருசெவி ஒலி' இன்று ஹெட்போனுக்கான தனிப் பதிவு முறையைக் குறிக்கத் தேவைப்படுகிறது.

என் விருப்பம் 'திண்ணொலி'. திண்மை, திண்ணம், திண்ணியர் எல்லாம் நம்மிடம் இருப்பவை. கிரேக்க வேருக்கு நேர்நிகர். ஒரு சிக்கல், கேட்டவுடன் திம் திம் என்று அதிரும் பேஸ் சத்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். கடைக்காரரிடம் திண்ணொலிப் பெட்டி கேட்கச் சொல்லவும் மாட்டேன். சாதனம் ஸ்டீரியோவாகவே இருக்கட்டும், நிகழ்வுக்குத் திண்ணொலி.

பொருள் தெரிந்துகொண்டதில் எனக்குக் கிடைத்த லாபம் பணம். செட்டில் தெளிவில்லை என்று புதிதாக வாங்கக் கிளம்பியவனை மார்த்தாண்டத்து மெக்கானிக் அண்ணன்தான் நிறுத்தினார். வீட்டுக்கு வந்து பார்த்ததும் சிரித்தார். "லே மக்கா, ஒருத்தன் தலைமேல ஒருத்தன் ஏறி இருந்தா ஸ்டீரியோ எப்பிடிலே வரும்?"

முதலில் பெட்டிகளைப் பிரித்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர், நான் உட்காரும் நாற்காலிக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே இரண்டு மீட்டர். பின்சுவரிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளி. சுவரை ஒட்டி, அதிலும் மூலையில், வைத்தால் பேஸ் ஊதிப் பெருத்துக் குரலை மூடிவிடும். சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், காது உயரத்துக்கு வரவேண்டும் என்று செங்கல் அடுக்கினார். செங்கலுக்கும் பெட்டிக்கும் நடுவே என்ன வைப்பது? எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! புகைபோட்ட ரப்பர் ஷீட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி நான்கு மூலையிலும் செருகினோம். ஒரு வாரம் வீடு முழுக்கப் புகை நாற்றம், அதிர்வு மட்டும் நின்றது.

அடுத்தது ஒயர். ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறி மாட்டியிருந்தது. மாட்டியவன் நான்தான். ஒரு பெட்டியின் கோன், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு, முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் பேஸ் காணாமல் போகும், நடுக்குரல் கலைந்து அறை முழுக்கச் சிதறும். அவர் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட்டுக் காட்டினார். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே துள்ளும். விலையுயர்ந்த ஒயர் வேண்டுமா என்று கேட்டேன். ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் போகவரச் சேர்த்தே தடை 0.12 ஓமுக்குள்தான் இருக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. கரண்டு வேலைக்கு விற்கும் ஒயரே போதும்.

ஈரக்காற்றில் கோனைச் சுற்றிய பஞ்சு வளையம் பொடிந்திருந்தது. வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டினார், ஸ்பீக்கர் பிழைத்தது. வெறும் தரையில் ஒரு பாய், பின்சுவரில் கனத்த துணி. வானொலி இரைந்தால், இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலியை விடும் மோனோ பொத்தானை அழுத்தச் சொன்னார். மலை மறைக்கும் ஊரில் பலவீனமான எஃப்எம் அலையை ஸ்டீரியோவாகப் பிரித்தால் இரைச்சல் கூடும்.

வாட்ஸ் கூடிய ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அட்டையில் அச்சடித்த பிஎம்பிஓ என்னும் ஊதிப் பெருத்த வாட்ஸ் கணக்கை நம்புகிறவன் என்று நினைத்திருப்பார். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது மூன்று டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபெல் வேண்டும்.

கடைசியில் பாட்டைப் போட்டார். காலண்டர் தொங்கிய வெறும் சுவரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "இப்பத்தான் சத்தம் கெட்டியா இருக்கு."

கிரேக்கம் அவருக்குத் தெரியாது. கெட்டி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கெட்டிமேளம் அதை முன்பே பிடித்துக்கொண்டது, எல்லோரும் உரத்த சத்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து வந்து, காலண்டரைத் தூக்கிப் பின்னால் பார்த்துவிட்டுப் போனாள்.