மல்டிமீட்டரை நம்பி 600 வோல்ட் கொடுக்காதீர்கள்

மறுபடியும் ஒரு ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) கருகி வந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஷெட்டில் கிடந்த பழைய மின்ரயில் பெட்டிக்கு அருங்காட்சியகத் தன்னார்வலர்கள் பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள், மரவேலையைப் புதுப்பிக்கிறார்கள். கடைசியில் மோட்டாருக்கு நேரே 600 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மல்டிமீட்டரில் பார்த்தோம், பாடி ஷார்ட் இல்லை." அதாவது, வைண்டிங்கிலிருந்து (மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி) மோட்டாரின் உலோக உடலுக்கு மின்சாரம் கசியவில்லையாம்.

மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது வைண்டிங்குக்கு அனுப்புவது சில வோல்ட்தான். அந்தக் காலத்து இன்சுலேஷன் (மின்சாரம் கசியாமல் கம்பியைச் சுற்றியிருக்கும் உறை) பருத்தி நாடா, மைக்கா, ஷெல்லாக் வார்னிஷ். பருத்தி ஈரத்தைக் குடிக்கும். கம்யூடேட்டர் (கார்பன் பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டை வளையம்) ஓரத்தில் கார்பன் தூளும் எண்ணெயும் குழைந்து கறுப்புப் பசையாக ஒட்டியிருக்கும். சில வோல்ட்டுக்கு அடைத்துக்கிடக்கும் அந்தப் பாதை 600 வோல்ட்டுக்குத் திறந்துவிடும். இந்த மோட்டார்கள் ஓடுவது நேர்மின்சாரத்தில் (DC); அதில் ஆர்க் எனும் தொடர் மின்பொறி பிடித்தால் சுலபத்தில் அணையாது, செம்பை உருக்கிக்கொண்டே போகும். கம்பி அறுந்ததா, முழு ஷார்ட்டா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். இன்சுலேஷன் தாங்குமா என்பதை அதனால் சொல்லவே முடியாது.

மெகர் போடுங்கள்; உயர் வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் கருவி அது. 500 வோல்ட், ஒரு நிமிடம். அதற்கு முன் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிராலிக் கம்பத்தை இறக்கிக் கட்டுங்கள், பிரஷ்களைத் தூக்குங்கள், இடிதாங்கியைக் கழற்றுங்கள். எர்த் வயரையும் கழற்ற வேண்டும். மோட்டார் சுற்றின் ஒரு முனை சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போவதால், கழற்றாமல் அளந்தால் பூஜ்யம்தான் வரும். 600 வோல்ட் பழைய வைண்டிங்குக்கு 40 டிகிரியில் குறைந்தது 1.6 மெகா ஓம் வேண்டும். பத்து டிகிரி குறைந்தால் அளவு ஏறத்தாழ இரட்டிக்கும், ஆகவே 20 டிகிரியில் 6.4 வந்தால்தான் அதே தகுதி. அளந்து முடித்ததும் வைண்டிங்கை எர்த்தோடு இணைத்து, சில நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே தங்கிய மின்னேற்றம் கையைச் சுடும்.

அளவு குறைந்தால் உலர்த்துங்கள். மணிக்கு ஐந்து முதல் பத்து டிகிரி வரை மெல்ல ஏற்றி, 80–90 டிகிரியில் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இன்சுலேஷனைப் பிளக்கும். சூடேறும்போது மெகர் அளவு முதலில் விழும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துபவர்களே அதிகம். விழுந்த அளவு ஏறத் தொடங்கி, பிறகு சில மணி நேரம் அசையாமல் நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தூசி காயிலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஓட்டுநர் வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரின் ஆர்க் தடுப்புப் பலகைகளில் பெரும்பாலும் கல்நார் இருக்கும், அதை ஊதிவிட்டால் ஷெட்டில் இருக்கும் அத்தனை பேரும் சுவாசிப்பார்கள். துணி முகமூடி அதற்குப் போதாது. அந்தப் பலகைகளைச் சோதனை முடிவு வரும்வரை தொடவே வேண்டாம். மோட்டாருக்கு மென்பிரஷ்ஷும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவமும் போதும். கம்யூடேட்டரில் எமரித் தாள் கூடவே கூடாது. அதன் துகள் மைக்கா இடுக்கில் தங்கிப் பட்டைக்குப் பட்டை பாலம் போடும்.

முதல் ஓட்டத்துக்குப் பெட்டியை ஜாக்கியில் ஏற்றி, பேரிங்கில் எண்ணெய் ஊறிய கம்பளிப் பஞ்சு வைத்து, ஒவ்வொரு மோட்டாராக 24 வோல்ட் பேட்டரியில் சுற்றுங்கள். இவை சீரிஸ் மோட்டார்கள் (ஃபீல்ட் சுருளும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்தவை). இவற்றுக்குப் பளு இல்லாமல் முழு வோல்ட் கொடுத்தால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சர் சிதறும். தேதி, வெப்பநிலை, ஒரு நிமிட அளவு மூன்றையும் மோட்டார் எண்ணுடன் நோட்டில் எழுதுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து அளக்கும்போது ஒப்பிட அது தேவைப்படும்.