நியூசென்ஸ்: தொல்லையா, சுகக்கேடா?

விக்டோரியா கால இங்கிலாந்தின் நகர நிர்வாகத்தில் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் நியூசென்சஸ்' என்றொரு பதவி இருந்தது. 1847இல் லிவர்பூலில் மருத்துவ அலுவலர் டங்கனோடு சேர்ந்து உழைத்த தாமஸ் ஃப்ரெஷ் வகித்தது இதைத்தான். 'தொல்லை ஆய்வாளர்' என்று தமிழாக்கினால் அவர் வேலை பாதி மறைந்துவிடும்.

லத்தீனில் 'நோக்கேரே' என்றால் ஊறு செய்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக 'நியூசென்ஸ்' ஆயிற்று. நம் பேச்சில் 'ஒரே நியூசென்ஸ்' என்றால் வெறும் எரிச்சல். மூலத்தில் இருந்த ஊறு உதிர்ந்துவிட்டது.

இங்கிலாந்தின் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 91ஆம் பிரிவு எவை நியூசென்ஸ் என்று சொன்னது: நாறும் சாக்கடை, கக்கூஸ், மலக்குழி, சாம்பல் குழி, கேடு தரும்படி வளர்க்கும் கால்நடை, குப்பைக் குவியல், அளவுக்கு மீறி ஆள் நெருங்கிய வீடு (ஒரே குடும்பமானாலும் விலக்கில்லை), கரும்புகை கக்கும் ஆலைப் புகைபோக்கி. வீட்டுப் புகைபோக்கியைச் சட்டம் தொடவில்லை.

1872இல், முந்தைய சட்டத்தின் கீழ், ரயில் பாலத்திலிருந்து சாலையில் நீர் சொட்டிய வழக்கு வந்தது. நடப்பவருக்குத் தொல்லைதான். ஆனால் உடல்நலத்துக்குக் கேடில்லை, எனவே சுகாதாரச் சட்டத்தில் சேராது என்றது நீதிமன்றம். 1882இல், பிஷப் ஆக்லண்ட் என்ற ஊரில் இரும்பாலைச் சாம்பல் குவியல் நாறிய வழக்கில், நோய் வராவிட்டாலும் மனிதர் நிம்மதியாக இருக்க முடியாதபடி நாறினால் போதும் என்று தீர்ப்பானது. நலம், நிம்மதி இரண்டையும் தாங்கும் சொல் தமிழில் உண்டு: சுகம். 'சுகமா?' என்று கேட்பதும் அதையே, 'சுகமாக உட்கார்' என்பதும் அதையே. ஆகவே 'சுகக்கேடு' என்பதே பொருத்தம். நோய் என்ற பொருளும் அதற்கு உண்டு. சட்டத் தொடரில் வரும்போது குழப்பம் வராது.

1875 சட்டப்படி அக்கால ஆய்வாளரின் கையிலிருந்த கருவி சுகக்கேடு நீக்க அறிவிக்கை: என்ன வேலை, எத்தனை நாளுக்குள் என்று எழுதித் தரவேண்டும். செய்யாவிட்டால் நீதிமன்ற அழைப்பாணை. அங்கே 5 பவுண்டு வரை அபராதம். உத்தரவையும் மீறினால் நாளொன்றுக்கு 10 ஷில்லிங் வரை. நகராட்சியே உள்ளே புகுந்து வேலையை முடித்துச் செலவை வசூலிக்கவும் முடிந்தது. கவனிக்க வேண்டியது, அறிவிக்கை யார் பெயருக்கு என்பது. சாக்கடை குழாயே சரியாகக் கட்டப்படவில்லை என்றால் அது வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் போகவேண்டியிருந்தது. குடியிருப்பவருக்குக் கொடுத்தால் செல்லாது.