யானை ஏறினாலும் உடையாது என்றார்கள்

சென்ற வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் புறப்பட்ட ஒரு பழைய பெட்போர்ட் லொறி, விசுவமடு தாண்டியதும் வீதியில் படுத்திருந்த மாட்டுக்கு விலகப் போய், முன் இடது சக்கரம் உள்ளே மடங்கிக் கானுக்குள் இறங்கியது. ஓட்டி வந்த தம்பிக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்பெட்டியில் நின்ற ஏழு பேரும் சிராய்ப்போடு தப்பினார்கள். ஊரில் எல்லோரும் மாட்டைத்தான் திட்டினார்கள். வாகனத்தை என் கராஜுக்கு இழுத்து வந்தார்கள். இரண்டு வருடங்களில் இப்படி இழுத்து வரப்பட்ட மூன்றாவது லொறி இது. மாடு செய்த குற்றம் எதையும் நான் அதில் காணவில்லை.

முன் சக்கரத்தின் சஸ்பென்ஷனை லொறியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைக்கிற இரும்புத் தாங்கி உடைந்து கழன்றிருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதி துருவேறிக் கறுத்திருந்தது. மீதிப் பாதி வெள்ளிபோல் மினுங்கியது. கறுப்புப் பக்கம் பல வாரங்களுக்கு முன்பே வெடித்து, மழைத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பக்கம். மினுங்கிய பக்கம் அன்று காலை உடைந்தது. அதாவது அந்தத் தாங்கி மாட்டைக் காணும் முன்பே பாதி செத்துவிட்டது. மேலே பூசியிருந்த சிவப்புப் பெயின்ற் அதை அழகாக மறைத்து வைத்திருந்தது.

லொறியின் கதை வன்னியில் இப்போது அடிக்கடி கேட்கிற கதைதான். அப்பா நெல் ஏற்றிய வண்டி. 1958 இல் சந்தைக்கு வந்த ஜே வகை பெட்போர்ட், ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டோடு வேலியோரத்தில் கிடந்தது. கனடாவில் இருந்து வந்த மகனுக்கு அதை மீண்டும் ஓட வைக்க ஆசை. ஆசையில் பிழையில்லை, எனக்கும் அந்த முகப்பைப் பார்த்தால் கை துடிக்கும். ஆனால் பழைய லொறி குலுக்கும் என்பதால் முன்பக்கத்து இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற நேர் அச்சையும் வில் தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, விபத்துக்குள்ளான டபிள் கேப் பிக்கப் ஒன்றின் முன் சஸ்பென்ஷனை வெட்டி எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். லொறிக்கு அகலம் போதவில்லை. சக்கரங்களைப் பிடித்து நிற்கிற கீழ்க்கைகள் இரண்டையும் நடுவே அறுத்து, தண்ணீர்க் குழாய் செருகி நீட்டியிருந்தார்கள். கேற்றும் கிறிலும் செய்கிற வெல்டிங் ஒட்டுக்கடையில் நடந்த வேலை.

அந்தக் கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். சளைக்காமல் பதில் சொன்னார்: “அண்ணை, தாங்கிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தகடு போட்டிருக்கிறோம். யானை ஏறினாலும் உடையாது.”

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தடித்த இரும்பு உடையாது என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் நோய் மாதிரிப் பரவியிருக்கிறது. தம்பிமாரே, உங்கள் வீட்டு மண்வெட்டியை எடுத்துப் பாருங்கள். பிடி எங்கே முறிகிறது? நடுவில் முறிவதில்லை. இரும்பு முடிந்து மரம் தொடங்குகிற வாயில்தான் முறிகிறது. அந்த இடத்தில் வளையாத பொருளும் வளைகிற பொருளும் சந்திக்கின்றன, வளைவு முழுவதும் அந்தக் கோட்டில் வந்து குவிகிறது. லொறியின் செசி என்கிற அடிச்சட்டம் வளைவதற்கென்றே செய்யப்பட்டது. பழையவர்கள் அதை ஒட்டாமல் றிவெற் அடித்து இணைத்தது வெல்டிங் தெரியாமல் அல்ல. வீதி முறுக்கும்போது சட்டம் சிறிது முறுகிக் கொடுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் சட்டத்தின்மேல் பன்னிரண்டு மில்லிமீட்டர் தகட்டை நாலுபக்கமும் சுற்றி ஒட்டினால், தகடு இருக்கும் இடம் கல்லாகிவிடும். சட்டம் தகட்டின் ஓரத்தில் வெடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. தடித்த தகடு சூட்டை உறிஞ்சும். அது உருகுவதற்கு ஏற்ற மின்சாரம் வைத்தால் மெல்லிய சட்டம் ஓட்டையாகும் என்று பயந்து, குறைத்து வைப்பார்கள். மேலே மீன்செதில் போல வடிவான ஒட்டு விழும். அடியில் தகட்டோடு சேர்ந்தே இராது. நான் அறுத்துப் பார்த்த ஒட்டு ஒன்றில் பழைய பெயின்ற் அப்படியே இருந்தது! பெயின்றுக்கு மேலே இரும்பை ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

கோபத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது உதிரிப்பாகம் ஒன்றுகூட வவுனியாவைத் தாண்டி வன்னிக்குள் வராது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கிடைத்த இரும்பில் எல்லாவற்றையும் கடைந்தும் ஒட்டியும் செய்துகொண்டோம். என் குருநாதர் ட்ராக்டர் அச்சிலிருந்து லொறிக்குப் பாகம் செதுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தக் கைகளுக்கு இன்றும் தலை வணங்குகிறேன். ஆனால் அன்று வாகனம் ஓடியது குண்டும் குழியுமான கிறவல் பாதையில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாமல். ஏதாவது கழன்றால் வண்டி சரிந்து நிற்கும், இறங்கிப் பெருமூச்சு விடுவோம். இன்று காபெற் வீதி. அதே ஒட்டோடு 70 இல் போகிறார்கள். வேகம் மூன்றரை மடங்கு, மோதலின் சக்தி பன்னிரண்டு மடங்குக்கு மேல். அன்று எங்களைக் காப்பாற்றியதில் ஒட்டுக்கு இருந்த பங்கைவிடக் குழிகளுக்குப் பங்கு அதிகம்.

டபிள் கேப்பின் கைகள் ஒரு டபிள் கேப்பைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை. டீசல் என்ஜினும் இரும்புக் கபினும் வைத்த லொறி முகப்பு அதன் கணக்கில் இல்லை. இதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வெல்டிங் கம்பி பற்றி ஒரு வார்த்தை. கேற்றுக்கு 6013 என்ற இலக்கக் கம்பி போதும், நல்ல கம்பி. பாரம் தாங்கும் இடத்துக்கு 7018 என்பார்கள். சரி, ஆனால் அந்தக் கம்பி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். கார்த்திகை, மார்கழியில் கிளிநொச்சிக் காற்றில் பெட்டியைத் திறந்து மூலையில் போட்டு வைத்திருந்துவிட்டு அதனால் ஒட்டினால், ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் ஒட்டுக்குள் புகும். ஒட்டு அன்று பார்க்க நன்றாக இருக்கும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் கீறல் விட்டு வெடிக்கும். வில் தகடு போன்ற கடினப்படுத்திய உருக்கில் இது இன்னும் மோசம். வில் தகட்டில் ஒட்டு வைக்கவே கூடாது. வில்லுக்குப் பதிலாக முறுகிப் பாரம் தாங்கும் முறுக்குக் கம்பி, ஸ்ரியரிங் கை, சக்கரம் திரும்புகிற முழங்கால் ஆகியவற்றுக்கும் இதே சட்டம்தான். உடைந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை ஒட்டுகிற பிள்ளைகள், அன்றிரவு குளிர்காய்ச்சல் அடித்தால் பால் குடித்து ஆற்றப் பார்க்கிறார்கள். அது நாகப் புகைக் காய்ச்சல். பால் அதற்கு மருந்தல்ல. பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டத்தில் நின்று ஒட்டுங்கள்.

அப்படியென்றால் அப்பாவின் லொறியை என்ன செய்வது? முதலில் நேர் அச்சை எறியாதீர்கள். பல தகடு அடுக்குக்குப் பதிலாக, நடுவில் தடித்து ஓரங்களில் மெலியும் வில் தகடுகள் இரண்டு மூன்று போதும்; தகட்டோடு தகடு உரசுவது குறைந்து குலுக்கல் அடங்கும். நல்ல சொக் அப்சோபர் போடுங்கள். நான் செய்துகொடுத்த வண்டிகளில் பாதிப் பேருக்கு இதுவே போதுமாக இருந்தது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் சுயாதீன சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பாரம் ஒத்துவரும் வாகனத்திலிருந்து குறுக்குச் சட்டத்தோடு முழுதாக எடுங்கள். கைகளை அறுக்காதீர்கள், அகலம் போதாவிட்டால் அந்த வாகனம் உங்களுக்கு உரியது அல்ல. செசியில் தாங்கி வைப்பதென்றால் மேல், கீழ் விளிம்புகளைத் தொடாமல் நடுச்சுவரில் போல்ட் போடுங்கள். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். மொட்டைத் தலை போல்ட்டைக் கூரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறேக்கை மறந்துவிட்டு மெத்தென்ற ஓட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பழைய லொறிகள் பலவற்றில் பிறேக் எண்ணெய் ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போயிற்று. அதை இரண்டு சுற்றாக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டும், ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை முறித்தும் பிறேக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள். விசுவமடு லொறியில் அது கிதார்த் தந்திபோல இருந்தது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் வெட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வெட்டிய பிறகு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள். வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதை நானும் தவறவிட்டதில்லை. ஆனால் பிள்ளையார் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க மாட்டார்.

ஏற்கெனவே இப்படி ஒரு வண்டி ஓட்டுகிறவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒட்டுகளின் பெயின்றைச் சுரண்டித் துடையுங்கள். மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சோக்குத் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழைபோல ஒரு கறுத்த கோடு தெரியும். கோட்டைக் கண்டால் அதன்மேல் இன்னொரு தகடு ஒட்டாதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கனடாக்காரர் போன கிழமை தொலைபேசியில் அழைத்தார். லொறியை மறுபடி செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். செய்யலாம், பழைய அச்சைத் தேடுங்கள் என்றேன். இரும்புக்கடையில் விற்றுவிட்டார்களாம். செசி இப்போது என் கராஜின் பின்புறம் பாலை மரக்கட்டைகளில் ஏறி நிற்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் தகடுகளைச் சீவி எடுக்கிறோம். இதுவரை சோக்குக் கோடு ஏழு.