குழந்தை எத்தனை கிலோ?

பிரசவ வார்டுக்கு வெளியே, ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்தபடியாக வரும் கேள்வி இதுதான். மூன்றே முக்கால் என்றால் பாட்டிக்குப் பெருமை. இரண்டேகால் என்றால் மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பேச்சு எழும். மகப்பேறு மருத்துவராக, இந்த இரண்டு எண்களையுமே நான் கொஞ்சம் கவனமாகத்தான் பார்ப்பேன். பிற்காலத்தில் உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு இரண்டு பக்கமும் கூடுகிறது.

முதலில் பெரிய குழந்தை. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கும். கொழுகொழுவென்று பிறக்கும் குழந்தைக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடுவதும் இதனால்தான். 'அதெல்லாம் பரம்பரைங்க' என்பார்கள். பரம்பரையும் உண்டு. ஆனால் அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய்க்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு பிறந்தவர்கள், அதற்கு முன் பிறந்த உடன்பிறப்புகளைவிட அதிக எடையோடு வளர்ந்திருந்தார்கள். கருப்பைச் சூழலுக்கும் இதில் பங்கு உண்டு என்று அதிலிருந்து தெரிகிறது.

தாய்க்குச் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை சுலபமானது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிறாக வரவேண்டியதில்லை. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பிலேயே ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொருமுறை. முதல் தடவை நார்மல் என்றதும் இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் பலர். சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடோணும், டாக்டரம்மா" என்று மாமியார் சொல்லும்போது மருமகள் என் முகத்தைப் பார்ப்பாள். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி. ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் இவ்வளவிலேயே அது வந்துவிடும். நம் ஊரில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. வாந்தி, சோர்வு என்றால் ஜவ்வரிசிக் கஞ்சிதான். வயிற்றுக்கு இதம், மறுக்கவில்லை. ஆனால் அது மரவள்ளியின் மாவுச்சத்து மட்டுமே. புரதம் கிட்டத்தட்ட இல்லை. வெல்லமும் சேர்ந்தால் சர்க்கரை ஏறாமல் எங்கே போகும்? மாம்பழ சீசனில் மல்கோவாவை அடியோடு நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. சாப்பாட்டோடு ஜூஸாகக் குடிக்காமல், இடைவேளையில் இரண்டு துண்டு என்பதோடு பேரத்தை முடித்துக்கொள்வேன்.

சின்னக் குழந்தையின் கதைதான் பலருக்குப் புரிவதில்லை. இளைத்துப் பிறந்தது எப்படிப் பருமனாகும்? 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினி கிடந்த தாய்மாரின் மகன்களிடம் 19 வயதில் பருமன் கூடுதலாக இருந்தது. நமக்கு நெருக்கமான சான்று புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் செய்த ஆய்வு. அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோதான். ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் தசை குறைவு, தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு பெண் ஏழாம் மாதம் வந்தாள். எடை ஏறவே இல்லை. காலையில் டீ, மதியம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், இடையிடையே பசி தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலை. மெல்லும் புகையிலையும் குழந்தையின் எடையைக் குறைக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லாத செய்தி. 'பீடி குடிச்சாத்தானே கெடுதல்' என்றாள். புகையிலையை விடவைத்தோம், கொள்ளும் முட்டையும் சேர்க்கச் சொன்னோம். மலையில் முன்பு சாமைச் சோறு இருந்தது. அது திரும்பினாலே நல்லது.

இப்படிச் சின்னதாகப் பிறந்ததும் வீட்டில் ஒரு அவசரம் தொற்றிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை எட்டிப் பிடிக்க மூன்றாம் மாதமே பவுடர் பால், அப்புறம் பிஸ்கட்டைக் கரைத்து ஊட்டுவது. தேவைக்கு மேல் வேகமாக எடை ஏற்றினால் சேருவதில் பெரும்பங்கு கொழுப்புதான். குறைமாதக் குழந்தைகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு மருத்துவர் சொல்வதே அளவு. மற்றவர்களுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். எடை அட்டையில் குழந்தையின் கோடு தன் பாதையில் சீராக ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மார் பிரசவம் முடிந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து 75 கிராம் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், இந்த முறை வெறும் வயிற்றோடு. அடுத்த கர்ப்பம் சர்க்கரையோடு தொடங்கக் கூடாது அல்லவா? குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அந்தச் சமயத்தில்தான். ஊசி போட வரும் அன்றைக்கே உங்களுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்.