காயமே படாதவருக்கு அக்கி எப்படி வந்தது?

போர் நடக்கும் நாட்டிலிருந்து தப்பி வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காயமில்லை. ஆனால் பதுங்குகுழியில் இருந்த இரண்டாவது வாரம் எனக்கு உதட்டோரம் கொப்புளம், அம்மாவுக்கு விலாவில் அக்கி. வெளியாட்கள் யாரும் உள்ளே வரவில்லை. யாரிடமிருந்து தொற்றியது?”

யாரிடமிருந்தும் இல்லை. அந்த வைரஸ்கள் உங்களோடுதான் குழிக்குள் இறங்கின. அம்மாவுக்கு எப்போதோ சின்னம்மை வந்திருக்கும். அது ஆறியபோது வைரஸ் போய்விடவில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக்கொண்டது. அக்கி என்பது அந்தப் பழைய அம்மை வைரஸ் மறுபடி எழுவதுதான் என்று, தன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஆங்கிலேய மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் 1965இல் விளக்கினார். உங்கள் உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணம் அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். அது இருப்பது முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில்.

சரி, இத்தனை வருடம் அதை அடக்கி வைத்திருந்தது எது? வைரஸ் புகுந்த செல்லை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கொன்றுவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். தோலில் அது சரி, செத்த செல்லுக்குப் பதில் புதுசு வந்துவிடும். நரம்பு செல் போனால் போனதுதான். வைரஸ் இருக்கும் நரம்பு செல்களையெல்லாம் கொல்லத் தொடங்கினால் முகமே மரத்துப்போகும். அதனால் உடம்பு வேறு வழி வைத்திருக்கிறது. எலிகளின் நரம்பு முடிச்சை நுண்ணோக்கியில் பார்த்தால், வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களை ஒட்டி டி செல்கள் காவல் உட்கார்ந்திருக்கின்றன. வைரஸ் விழிக்கும்போது முதலில் தயாரிக்கும் புரதங்களில் ஒன்று ஐ.சி.பி.4. அது இருந்தால்தான் அடுத்த மரபணுக்கள் வேலை செய்யும். உடனே டி செல், கிரான்சைம் பி என்ற நொதியை நரம்பு செல்லுக்குள் செலுத்துகிறது. மற்ற இடங்களில் செல்லையே சாகடிக்கும் அதே நொதி, இங்கே ஐ.சி.பி.4ஐ மட்டும் நறுக்கிவிட்டு நின்றுவிடுகிறது! வைரஸ் அடங்குகிறது, நரம்பு பிழைக்கிறது. 2008இல் வெளியான இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கழுத்தை அறுக்கத் தெரிந்த கை, ஒரே ஒரு நூலை அறுத்துவிட்டுக் கத்தியைக் கீழே வைக்கிறது.

போர் இந்தக் காவலைத்தான் கலைக்கிறது. குண்டுச் சத்தம் கேட்டதும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி என்று சங்கிலியாகச் செய்தி போய் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. சிறிது நேரத்துக்கு அது நல்லது, ஓடித் தப்பிக்க உதவும். வாரக்கணக்கில் நீடித்தால் டி செல்களின் பெருக்கம் தளர்கிறது. எலிகளை அசையவிடாமல் அடைத்து மிரளவைத்தபோது நரம்பு முடிச்சிலிருந்த காவல் செல்கள் குறைந்தன, வைரஸ் எழுந்தது. அதோடு, கார்டிசாலைப் பிடித்துக்கொண்ட ஏற்பி என்ற செல் புரதம் ஹெர்ப்பிஸ் வைரஸின் மரபணுக்களை நேரடியாகவே தூண்டவும் செய்கிறது.

பசியும் களைப்பும்தானே காரணம் என்று கேட்கலாம். அவையும் உண்டு. ஆனால் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களைப் பாருங்கள். உடம்பைப் பிழிந்தெடுத்த ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு, அவர்கள் உடலில் உறங்கிய, அதே ஹெர்ப்பிஸ் குடும்பத்து எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான நோயெதிர்ப்பொருள் கூடவில்லை. அது கூடினால் வைரஸ் விழித்திருக்கிறது என்று பொருள். அப்புறம் இறுதித் தேர்வு வாரத்தில் அது கூடியது! தேர்வுக் கவலைக்கே இப்படியென்றால், தலைக்கு மேல் விமானம் பறக்கும் இரவுகளைச் சொல்லவா வேண்டும்?

அக்கி இடுப்பைச் சுற்றி இரு முனையும் தொட்டுக்கொண்டால் உயிர் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. ஒரு முடிச்சின் நரம்பு உடலின் ஒரு பக்கத்துக்குத்தான் போகிறது, அதனால் அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டில் நின்றுவிடும். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவரை இதைச் சொல்லி மேலும் பயமுறுத்தாதீர்கள்.

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்து அது. காயத்துக்குக் கட்டுத்துணி போகும் ஒவ்வொரு நிவாரணப் பெட்டியிலும் இதுவும் போகவேண்டும் என்பேன். கண்ணருகே அக்கி வந்தால் பார்வையே போகக்கூடும்.

இன்னொன்று. அம்மாவுக்கு யாரும் அக்கியைத் தரவில்லை, ஆனால் அவரிடமிருந்து வைரஸ் பிறருக்குப் போகலாம். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவர் மேல் கொப்புள நீர் பட்டால் அவருக்கு அக்கி வராது, சின்னம்மை வரும். உங்களோடு கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை அந்த இடத்தைத் துணியால் மூடி வைக்கச் சொல்லுங்கள்.