ஆல்பம் கவர்: உறையா, முகப்பா?

'ஆல்பம் கவர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் 'ஆல்பம்'. இது லத்தீனிலிருந்து வந்த சொல். அந்த மொழியில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் பொது அறிவிப்புகளை எழுதி ஊர் பார்க்க வைத்த வெள்ளைப் பலகைக்கு ஆல்பம் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கிச் சேர்த்த ஏட்டுக்கு இந்தப் பெயர் வந்தது. அப்புறம் அஞ்சல்தலை, ஒளிப்படம் என்று எதைச் சேர்த்து ஒட்டினாலும் ஆல்பம்தான்.

இசைக்கு இந்தச் சொல் வந்த வழி இன்னும் சுவையானது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டில், ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, புத்தகம்போல் கட்டி விற்றார்கள். பார்க்க ஒளிப்பட ஆல்பம் மாதிரியே இருந்ததால் அதே பெயர் நிலைத்தது. 1948இல் நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்ததும் அந்தப் புத்தகக் கட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் பாட்டுத் தொகுதிக்கே உரியதாகிவிட்டது.

இதற்குத் தமிழில் 'இசைத்தொகுப்பு' நன்றாகவே புழங்குகிறது. 'இசைத்தொகை' என்பது இன்னும் கச்சிதம். எட்டுத்தொகை என்று சொல்லிப் பழகிய மொழிக்கு, பலவற்றைத் தேர்ந்து ஓர் ஒழுங்கில் சேர்ப்பதே தொகை என்று விளக்கத் தேவையில்லை. ஆல்பத்தின் வேலையும் அதுதான்.

சிக்கல் 'கவர்' என்ற சொல்லில் இருக்கிறது. பலர் 'உறை' என்று எழுதுகிறார்கள். கீறலும் தூசியும் படாமல் காப்பது உறை. தொடக்கத்தில் ஆல்பம் கவர் அதைத்தான் செய்தது. ஒரே நிற அட்டை, அதன்மேல் எழுத்து, அவ்வளவுதான். இதை மாற்றியவர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் இளம் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். வெற்று அட்டைகளை அவர் 'கல்லறைக் கற்கள்' என்றே சொன்னார். 1940இல், நாடக அரங்கு வாசலில் விளக்கொளியில் மின்னும் பெயர்ப்பலகையில் ஆல்பத்தின் பெயரே எழுதியிருப்பதுபோல் ஒரு படத்தை அட்டையில் போட்டார். காக்கிற அட்டை அன்றிலிருந்து பேசத் தொடங்கியது. பேசுகிற அந்தப் பக்கத்துக்கு 'முகப்பு' என்பதுதான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லுக்குள்ளேயே முகம் இருக்கிறது. பாப் இசையில் முகப்பின் முதல் வேலையும் பாடகருக்கு ஒரு முகம் தருவதுதான்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் இரண்டு ஆல்பம் முகப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2017இல் வந்த 'ரெப்யூட்டேஷன்' கறுப்பு வெள்ளைப் படம். முகத்தின் ஒரு பாதிமேல் செய்தித்தாள் எழுத்துருவில் அவர் பெயரே திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. ஊர்ப்பேச்சு ஒருத்தியை மூடுகிறது என்ற செய்தி, பாட்டு ஓடும் முன்பே நமக்கு வந்துவிடுகிறது. இரண்டே ஆண்டில் 'லவ்வர்'. இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த மேகம், கண்ணைச் சுற்றி மினுமினுக்கும் இதயம். நிறம் மாறியது, கோபக்காரி காதலி ஆனாள். இதை வெறும் அலங்காரம் என்று தள்ளுவது சரியல்ல. கேட்பவரின் காதைப் பாட்டுக்குத் தயார்செய்வதே இந்த நிறங்கள்தான்.

நிறம் மட்டுமே முகமாவதும் உண்டு. 1984இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் ஊதாவைத் தன் நிறமாகவே ஆக்கிக்கொண்டார். 2024இல் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்' முகப்பில் ஆளே இல்லை. கண்ணைக் குத்தும் பச்சை, நடுவில் சற்றே மங்கலாக ஆல்பத்தின் பெயர், வேறொன்றுமில்லை. அழகாக இருக்க மறுப்பவள் என்ற பிம்பத்தை அந்தப் பச்சை தனியாகவே உருவாக்கிவிட்டது.

நிறத்தையே விலக்கி, இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது 1968இல் வந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆல்பம். முந்தைய ஆண்டு முகப்பில் ஒரு கூட்டத்தையே வண்ணவண்ணமாக நிறுத்தியிருந்தவர்கள், இம்முறை ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் தந்தது முழு வெள்ளை. குழுவின் பெயர்கூட மையில்லாமல், அட்டையில் புடைத்த எழுத்தாக இருந்தது. உலகம் அதை வெள்ளை ஆல்பம் என்றே அழைத்தது. லத்தீன் வேரின்படி பார்த்தால் வெள்ளையை இருமுறை சொன்னதாகிறது.

இன்று கைபேசித் திரையில் ஆல்பத்துக்கு உறையே கிடையாது. முகப்பு மட்டும் விரல்நகம் அளவுக்கு நிற்கிறது. கொரியப் பாப் இசையிலோ பெட்டி, படப்புத்தகம், உறுப்பினர் ஒளிப்பட அட்டை எல்லாம் ஒன்றாக வருகின்றன. ஒரே பாடல்கள் பல பதிப்புகளில், பதிப்புக்கு ஒரு நிறத்தில் விற்கப்படுகின்றன. அந்த மொத்தக் கட்டுமானத்துக்கு, அதாவது பேக்கேஜிங்குக்கு, 'சிப்பம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆக, தட்டைக் காப்பது உறை, பாடகரைக் காட்டுவது முகப்பு, எல்லாம் சேர்ந்த கட்டு சிப்பம். மூன்றுக்கும் 'கவர்' என்று ஒரே சொல்லைப் போட்டால், எதைப் பாராட்டுகிறோம் என்பதே தெரியாமல் போகும்.