பருவம் தள்ளிப்போகும் பிள்ளைக்கு வாசனை தெரிகிறதா?

பத்தாவது முடித்தும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை என்று பையனை அழைத்து வருவார்கள். ஹார்மோன் மருத்துவராக நான் முதலில் கேட்பது, "தம்பி, உனக்கு வாசனை தெரியுமா?" மீசைக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் விழிப்பார்கள்.

சம்பந்தம் கருவிலேயே இருக்கிறது. ஐந்தாறு வாரக் கருவில் மூக்கு அமையும் இடம் உள்ளே குழிந்து, அங்கிருந்து முகர்வு நரம்புகள் முளைக்கின்றன. மூக்கின் நடுச்சுவரில் இருபுறமும் சின்னக் குழல் போல இன்னொரு புலனுறுப்பும் உருவாகிறது. 1813-ல் டென்மார்க் மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் விலங்குகளில் இதை விவரித்ததால் ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். பாம்பு நாக்கை நீட்டி இழுப்பது இந்த உறுப்புக்கு வாசனையைச் சேர்க்கத்தான். மனிதரில் பிறந்த பிறகு இதற்கு மூளையோடு தொடர்பில்லை, பலருக்கு வெறும் குழியாக மிஞ்சுகிறது. இதைத் தூண்டி எதிர்பாலினரைக் கவரும் என்று விற்கிற சென்ட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஆனால் கருவில் அந்தப் பகுதி முக்கியமானது. பருவத்தைத் தொடங்கிவைக்கும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் மூளையில் அல்ல, மூக்கில்தான் தோன்றுகின்றன. மூக்கிலிருந்து முளைக்கும் நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டே ஊர்ந்து, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் போய்ச் சேருகின்றன. இழைகள் சரியாக அமையாவிட்டால் செல்கள் பாதி வழியிலேயே நின்றுவிடும். 19 வாரக் கருவொன்றில் அப்படித் தேங்கிக் கிடந்ததை 1989-ல் ஆய்வாளர்கள் நேரடியாகவே பார்த்தார்கள். வாசனையும் இல்லை, பருவமும் வராது. இதுதான் கால்மன் நோய்க்குறி. அரிதானது, ஆண்பிள்ளைகளிடம் கூடுதல்.

பிறவியிலேயே வாசனை தெரியாத பிள்ளை அதை ஒரு குறையாகச் சொல்வதே இல்லை. வாசனை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாதே! அம்மாவும், "மிளகாய் தாளிச்சா இருமுறானே டாக்டர்" என்பார். அந்த நெடி முகர்வு நரம்பில் ஏறுவதில்லை, எரிச்சலை உணரும் வேறு நரம்பில் ஏறுகிறது. அதனால் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு நாசியாகக் காப்பித்தூளையும் மல்லிகையையும் காட்டிக் கேட்கிறேன். வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

பிறந்தபோதே விதை இறங்காதது, ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருப்பது, ஒரே சிறுநீரகம், ஒரு கையை அசைத்தால் மறுகையும் கூடவே அசைவது போன்றவையும் இந்த நோய்க்குறி உள்ள சிலரிடம் இருக்கும்.

தாமதமான பருவம் பெரும்பாலும் குடும்பவாகுதான், தானாகச் சரியாகிவிடும். "இவன் அப்பாவும் லேட்டாத்தான் வளர்ந்தார்" என்பது பல நேரம் உண்மை. அப்புறமும், 14 வயதில் விதைகள் பெரிதாகத் தொடங்காத பையனையும் 13 வயதில் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண்ணையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான் சிலரை அழைத்து வருகிறார்கள். அதற்குள் எலும்பு வலுவிழந்திருக்கும், பிள்ளையும் கூட்டாளிகளின் கேலியில் ஒடுங்கிப் போயிருப்பான். ஹார்மோன் கொடுத்தால் பருவ மாற்றங்கள் வரும். பின்னாளில் குழந்தை வேண்டுமென்றால் அதற்குத் தனி ஊசிகள் உண்டு. மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும், பலருக்குப் பலன் கிடைக்கிறது. வாசனையை மட்டும் திருப்பிக் கொடுக்க மருந்தில்லை. அவர்கள் வீட்டில் கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள்.